1748 டிசம்பரில் எழுதிய உயில் 1748 பிப்ரவரியில் புரோபேட் ஆனது எப்படி? பென்சில்வேனிய முன்னோர் ஒருவரைத் தேடி

பெர்க்ஸ் மருமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருமணமாகிப் பென்சில்வேனியாவுக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் இந்த ஊர்க்காரர். அவருடைய தாய்வழிக் குடும்பப் பெயர் மில்லர். அமெரிக்கா இங்கிலாந்தின் குடியேற்றமாக இருந்த காலத்திலேயே அவர்களுடைய முன்னோர் ஒருவர், இப்போது பெர்க்ஸ் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) இருக்கும் ஓலிப் பள்ளத்தாக்கை ஒட்டி, ஸ்கூல்கில் ஆற்றுக்குக் கிழக்கே நிலம் வாங்கிப் பயிர் செய்தார் என்பது வரை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் எங்கிருந்து வந்தார் என்பதுதான் தெரியவில்லை. மாமியாருக்கு இந்த ஆண்டு எண்பது வயது நிறைகிறது. பிறந்த நாளுக்குள் கண்டுபிடித்துத் தருவதாக ஒரு விருந்தின்போது வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா அதை மறக்கவே இல்லை.

கையில் இருப்பது, மாமியாருடைய அத்தை 1930களில் எழுதிவைத்த ஒரு நோட்டுப் புத்தகம் மட்டுமே. அதன் முதல் பக்கத்தில், இங்கிலாந்திலிருந்து மூன்று சகோதரர்கள் கப்பலேறி வந்தார்கள், ஒருவர் இங்கேயே தங்கினார், ஒருவர் தெற்கே போனார், மூன்றாமவரைப் பற்றி அதன் பிறகு தகவல் இல்லை என்று எழுதியிருக்கிறது. அடுத்த பக்கத்தில் அந்த முன்னோரின் உயிலிலிருந்து எடுத்த குறிப்புகள் உள்ளன. மனைவிக்கு வீட்டில் அடுப்புள்ள அறை, ஆண்டுதோறும் இத்தனை புஷல் கோதுமையும் ரையும், பிளந்து அடுக்கிய விறகு, ஒரு பசு, ரொட்டி சுடும் அடுப்பைப் பயன்படுத்தும் உரிமை என்று மிக விரிவாக எழுதப்பட்டிருப்பதாகவும், மூத்த மகனுக்கு அப்போது இருபத்தொரு வயது ஆகவில்லை என்றும், கையொப்பம் "ஏதோ வேற்றுக் கையெழுத்தாக, படிக்க முடியாமல்" இருப்பதாகவும் அத்தை குறித்திருக்கிறார்.

சிக்கல் இனித்தான். உயில் எழுதிய நாள் 1748 டிசம்பர் என்றும், அது புரோபேட் ஆன நாள், அதாவது எழுதியவர் இறந்தபின் பதிவாளர் அதை ஏற்று உறுதிசெய்த நாள், 1748 பிப்ரவரி என்றும் அத்தை எழுதி, பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். உயிலை எழுதுவதற்குப் பத்து மாதம் முன்பே மனிதர் இறந்துவிட்டாரா? அதனால் ஒரே பெயரில் மாமாவும் மருமகனுமாக இருவர் இருந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, மீதிக் கொடிவழியை இரண்டு கிளையாகப் பிரித்து வரைந்துவிட்டார். இணையத்தில் கிடைக்கும் வம்சாவளி மரங்கள் எல்லாம் இந்த இரு கிளைக் கதையைத்தான் சொல்கின்றன. ரெடிங் நகரில் உள்ள பெர்க்ஸ் கவுன்டியின் உயில் அட்டவணையையும் பார்த்தேன். அப்படி ஒரு உயிலே அதில் இல்லை. எங்கே தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். முன்னோரின் முழுப் பெயரைப் பொதுவில் எழுதத் தயக்கமாக உள்ளது; மிகச் சாதாரணமான முதற்பெயர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பத்திரம் எழுதியது:

சகோதரி, உங்கள் முன்னோர் ஒருவர்தான். இருவர் இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அத்தை இரண்டு தேதிகளையும் பிழையில்லாமல் நகலெடுத்திருக்கிறார். ஆனால் அவற்றை 1930களின் நாட்காட்டியை மனத்தில் வைத்துப் படித்துவிட்டார்.

இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1751 வரை ஆண்டு பிறந்தது ஜனவரி 1 அன்று இல்லை, மார்ச் 25 அன்று. ஆகவே 1748 டிசம்பர் முடிந்ததும் வந்த ஜனவரியும் பிப்ரவரியும் மார்ச் 24 வரையிலான நாட்களும் 1748 என்ற கணக்கிலேயே எழுதப்பட்டன. உங்கள் உயில் 1748 டிசம்பரில் எழுதப்பட்டு, இரண்டு மாதம் கழித்து, நாம் இன்று 1749 பிப்ரவரி என்று சொல்லும் மாதத்தில் புரோபேட் ஆகியிருக்கிறது. நோயில் படுத்தவர் உயிலை எழுதிவிட்டுக் குளிர்காலத்திலேயே இறந்துபோவது அக்காலத்தில் மிகச் சாதாரணமாக நடந்த ஒன்று. சில எழுத்தர்கள் குழப்பம் வேண்டாம் என்று 1748/9 என்று இரண்டு ஆண்டையும் சேர்த்தே எழுதுவார்கள். உங்களுக்கு வாய்த்த எழுத்தர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. 1752ஆம் ஆண்டு முதல் ஜனவரி 1 ஆண்டுத் தொடக்கமானது. அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 என்று அறிவித்து, நடுவே பதினோரு நாட்களையும் எடுத்துவிட்டார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாளை அன்றைய பதிவு 1731 பிப்ரவரி 11 என்கிறது. நாம் 1732 பிப்ரவரி 22 என்று கொண்டாடுகிறோம்.

இதே பொறியின் இன்னொரு வடிவமும் பென்சில்வேனியாவில் உண்டு. குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் மாதப் பெயர்களைச் சொல்லாமல் எண்களால் எழுதினார்கள். 1752க்கு முன் அவர்களுடைய முதல் மாதம் மார்ச். ஆகவே பழைய நிலப் பத்திரம் ஒன்றில் "பதினொன்றாம் மாதம்" என்று பார்த்தால் அது நவம்பர் இல்லை, ஜனவரி. எழுத்தர் குவேக்கரா என்று தெரிந்துகொள்ளாமல் எந்தத் தேதியையும் மரத்தில் ஏற்றாதீர்கள்.

உயில் ரெடிங்கில் கிடைக்காததற்கும் இதே ஆண்டுதான் காரணம். பெர்க்ஸ் கவுன்டி உருவானதே 1752இல்தான். பிலடெல்பியா, செஸ்டர், லங்காஸ்டர் ஆகிய மூன்று கவுன்டிகளிலிருந்து துண்டுகளை எடுத்து அதை அமைத்தார்கள். ஓலிப் பகுதி அதற்கு முன் பிலடெல்பியா கவுன்டியில் இருந்தது. உங்கள் முன்னோர் தம் வாழ்நாளில் பெர்க்ஸ் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார். பிலடெல்பியா உயில் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். எழுதும்போது ஒன்றை வற்புறுத்திக் கேளுங்கள்: உயில் புத்தகத்தில் எழுத்தர் எழுதிவைத்த நகல் வேண்டாம், மூல உயில் இருக்கும் கோப்பின் படம் வேண்டும். நகலில் கையொப்பமும் எழுத்தரின் கையெழுத்தாகவே இருக்கும். கோப்பில் மூலக் கையொப்பமும், அநேகமாக வீட்டுப் பொருள்களின் பட்டியலும் இருக்கும்.

மூத்த மகனுக்கு இருபத்தொன்று ஆகவில்லை என்பது இறந்தவருக்கு வருத்தமான செய்தி என்றாலும் தேடுகிறவருக்கு நல்ல செய்தி. சிறு பிள்ளைகளை விட்டுத் தகப்பன் இறந்தால் அநாதையர் நீதிமன்றம் என்று பெயர் கொண்ட நீதிமன்றம் பாதுகாவலரை நியமிக்கும். பதினான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தன் பாதுகாவலரைத் தானே தேர்ந்துகொள்ளலாம், கீழ்ப்பட்ட பிள்ளைக்கு நீதிமன்றம் தேர்ந்து கொடுக்கும் என்பதால், யார் பதினான்கைத் தாண்டியவர் என்பது பதிவிலேயே தெரிந்துவிடும். பென்சில்வேனியாவில் மாநில அளவில் பிறப்பு இறப்புப் பதிவு 1906இல்தான் தொடங்கியது என்பதை நினைவில் வைத்தால், இப்படி ஓரமாகக் கிடைக்கும் வயதுக் குறிப்புகளின் அருமை புரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1748இலிருந்து கீழே இறங்கி வராதீர்கள். மாமியாரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறுங்கள். 1850க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்குகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கையாக இருப்பார்கள் என்பதால், 1790க்கும் 1850க்கும் நடுவேதான் பெரும்பாலான மரங்கள் முறிந்து, பக்கத்து வீட்டு மில்லரோடு ஒட்டிக்கொள்கின்றன.

கப்பல் பட்டியல் எழுதியது:

முந்தைய பதிலில் சேர்க்க எனக்கு ஒன்றுதான் உண்டு. ஆனால் அது முக்கியமானது என்று நினைக்கிறேன். கையொப்பம் வேற்றுக் கையெழுத்தாக இருந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்கு விடை அந்த வரியில்தான் இருக்கிறது. அது ஜெர்மன் எழுத்துமுறையாக இருக்கும். அவர் ஆங்கிலேயர் இல்லை, ஜெர்மானியர். விதவைக்கு விறகு முதல் ரொட்டி அடுப்பு வரை எண்ணி எழுதுவதும் ஜெர்மன் விவசாயிகளின் உயில்களில் அடிக்கடி பார்க்கும் வழக்கம். மில்லர் என்பது மூலத்தில் முல்லர் என்று இருந்திருக்கும். இரண்டுக்கும் மாவரைக்கும் ஆலைக்காரர் என்பதே பொருள். இப்படிப் பெயர் மொழிபெயர்க்கப்பட்டு ஸிம்மர்மன் என்பவர் கார்ப்பெண்டர் ஆனதும், ஷ்வார்ட்ஸ் என்பவர் பிளாக் ஆனதும் இந்த மாகாணத்தில்தான். மூன்று சகோதரர் கதையை நான் குறைந்தது இருபது குடும்பங்களில் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒருவர் தெற்கேதான் போகிறார்.

ஜெர்மானியர் என்றால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் அரசரின் குடிகள் என்பதால் அவர்களை யாரும் பட்டியலிடவில்லை. ஜெர்மானியர் திரள் திரளாக வந்து இறங்குவதைக் கண்டு அஞ்சிய மாகாண அரசு, 1727 முதல் கப்பல் தலைவர்கள் பயணிகளின் பட்டியலைத் தர வேண்டும் என்றும், பதினாறு வயதைக் கடந்த ஆண்கள் அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட வேண்டும் என்றும் ஆணையிட்டது. அந்தத் தாள்கள் பெரும்பாலும் பிழைத்துக் கிடக்கின்றன. ஸ்ட்ராஸ்பர்கர், ஹிங்கி என்ற இருவர் 1934இல் அவற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். நீங்கள் எடுக்க வேண்டியது இரண்டாம் தொகுதி, ஏனென்றால் அதில்தான் கையொப்பங்கள் இருந்தபடியே அச்சாகியுள்ளன.

தேடும்போது பெயரில் ஏமாற வேண்டாம். பல ஜெர்மன் வீடுகளில் அண்ணன் தம்பி எல்லோருக்கும் யோஹான் என்ற முன்பெயர் இருக்கும். கூப்பிடுவது இரண்டாவது பெயரால். கப்பலில் யோஹான் யாக்கோப் என்று இறங்கியவர் ஊரில் வெறும் ஜேக்கப்பாகவே இருப்பார். யோஹானஸ் என்று முடிந்தால் மட்டும் அது தனிப்பெயர். அவர் ஜான் ஆவார். எழுதத் தெரியாதவர்களின் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுத, அவர்கள் நடுவே ஒரு குறி மட்டும் போட்டார்கள். உங்களவர் உயிலில் தாமே கையெழுத்திட்டவர் என்பதால், குறி போட்ட முல்லர்கள் எல்லோரையும் ஒரே மூச்சில் தள்ளிவிடலாம். மீந்தவர்களின் கையொப்பத்தை உயிலோடு ஒப்பிடுங்கள். படுக்கையில் கிடந்து போட்ட கையெழுத்து நடுங்கியிருக்கும். அதனால் கோட்டின் அழகைப் பார்க்காமல், முதல் எழுத்தை எங்கே தொடங்குகிறார், எந்த வளைவில் பேனாவைத் தூக்குகிறார், உகரத்தின் மேல் போடும் குறியை எப்படி வளைக்கிறார் என்பதைப் பாருங்கள்.

பெர்க்ஸ் மருமகள் எழுதியது:

மிக்க நன்றி. ஏழு வாரம் ஆனாலும் பிலடெல்பியாவிலிருந்து கோப்பின் படங்கள் வந்துவிட்டன. உயில் அங்கேயே இருக்கிறது. பிப்ரவரித் தேதிக்கு அருகே "/9" என்று மங்கலாக இருப்பதை உருப்பெருக்கிப் பார்த்தபோது கண்டேன். அது அத்தையின் கண்ணுக்குத் தப்பிவிட்டது போலும். பொருள் பட்டியலில் இரண்டு ஏர், ஒரு பழைய வண்டி, நூற்கும் ராட்டை, ஐந்து தேனீப் பெட்டிகள், அதற்கு அடுத்து "ஒரு டச்சு பைபிளும் வேறு டச்சுப் புத்தகங்களும்" என்று இருக்கிறது. அப்படியானால் இவர் ஜெர்மானியர் இல்லை, ஹாலந்துக்காரரா? என் கணவர் அதற்குள் ஆம்ஸ்டர்டாமுக்கு விமானக் கட்டணம் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

கப்பல் பட்டியல் எழுதியது:

பயணச்சீட்டை நிறுத்தச் சொல்லுங்கள். அக்கால ஆங்கில எழுத்தர்கள் ஜெர்மானியரையும் டச்சு என்றே எழுதினார்கள். ஹாலந்துக்காரர், ஜெர்மானியர் இருவரையுமே குறிக்க ஆங்கிலத்தில் அந்தச் சொல் வழங்கியது. இன்றும் உங்கள் பக்கத்துக் கிராமங்களில் பேசும் ஜெர்மன் வழக்குக்குப் பென்சில்வேனியா டச்சு என்பதுதானே பெயர்? அவர்கள் ரைன் நதி வழியாக இறங்கி ராட்டர்டாமில் கப்பலேறியவர்கள் என்பதால் ஹாலந்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். உயிலின் பின்பக்கத்தில், அதை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவர் பொறுப்பேற்றதைப் பதிவாளர் குறித்திருப்பார். அவர் சத்தியம் செய்தார் என்று இருக்கிறதா, உறுதி கூறினார் என்று இருக்கிறதா?

பெர்க்ஸ் மருமகள் எழுதியது:

விதவையும் சாட்சிகள் இருவரும் சத்தியம் செய்ததாக இருக்கிறது. இந்த வேறுபாட்டில் என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

ஹாலே வாசகர் எழுதியது:

நிறைய இருக்கிறது, அம்மா. மெனனைட்டுகள் என்ற கிறித்தவப் பிரிவினரும் குவேக்கர்களும் கடவுள் பெயரால் சத்தியம் செய்ய மாட்டார்கள். உறுதிமொழி மட்டுமே கூறுவார்கள். விதவையும் சாட்சிகளும் சத்தியம் செய்திருப்பதால், இது லூத்தரன் குடும்பமாகவோ ரிஃபார்ம்ட் திருச்சபைக் குடும்பமாகவோ இருக்கவே வாய்ப்பு மிகுதி. மெனனைட்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்பதால் அவர்களிடம் ஞானஸ்நானப் பதிவேடும் இருக்காது. உங்களுக்கு அந்தச் சோதனை இல்லை.

நீங்கள் சொல்லும் இடத்துக்குப் பக்கத்தில் நியூ ஹானோவரிலும் டிராப்பிலும் பழைய லூத்தரன் சபைகள் உண்டு. இரண்டையும் 1742 இறுதியிலிருந்து கவனித்தவர் ஹைன்ரிக் மெல்கியோர் மியூலன்பெர்க். டிராப்பில் 1743இல் அவர் காலத்தில் எழுப்பிய கற்கோயில் இன்றும் அப்படியே நிற்கிறது. அவரைப் பென்சில்வேனியாவுக்கு அனுப்பியது ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்த பிராங்கே அறநிலையம். 1706இல் தரங்கம்பாடியில் மறைபணிக்கு வந்து இறங்கிய சீகன்பால்கும் ஹாலேயில் பயின்றவர். அவருக்குப் பின் வந்தவர்களில் பலரை அனுப்பி, அந்தப் பணியைத் தாங்கிப் பிடித்ததும் அதே அறநிலையம்தான். தரங்கம்பாடிக் கடிதங்களுக்காக ஹாலே ஆவணங்களைப் படிக்கப் போன நான், ஒரே நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த பென்சில்வேனியக் கடிதங்களில் மாட்டிக்கொண்டு இந்தத் துறைக்கு வந்து சேர்ந்தேன். மியூலன்பெர்க் நோயாளிகளைச் சந்தித்தது, அடக்கம் செய்தது எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதியவர். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலகங்களில் கிடைக்கும். 1748–49 குளிர்காலப் பக்கங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பதிவேட்டில் குழந்தையின் பெயரைவிட, ஞானஸ்நானத்தில் அதற்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானப்பெற்றோரின் பெயரை ஊன்றிப் பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் பெற்றோரின் உடன்பிறந்தவர்களாகவோ, அதே ஜெர்மன் கிராமத்தவராகவோ இருப்பார்கள். குழந்தைக்கு அவர்களுடைய பெயரையே வைப்பதும் உண்டு. தாயின் கன்னிப்பெயர் எங்கும் எழுதப்படாத குடும்பங்களில்கூட, ஒரே ஆள் மூன்று பிள்ளைகளுக்கு ஞானத்தந்தையாக நிற்பதைப் பார்த்து அவர் தாய்மாமன் என்று கண்டுபிடித்திருக்கிறோம்.

வீட்டில் பழைய பெட்டி, பரண் இருந்தால் அவற்றையும் விட்டுவிடாதீர்கள். இந்த மக்கள் பறவையும் பூவும் வரைந்து வண்ணம் தீட்டிய ஞானஸ்நானச் சான்றிதழ்களை வைத்திருந்தார்கள். அவற்றில் பெற்றோர் பெயர், தாயின் கன்னிப்பெயர், ஊர், போதகர் பெயர் ஆகியவற்றோடு குழந்தை எந்த ராசியில் பிறந்தது என்பதும் பல வேளைகளில் எழுதியிருக்கும். லூத்தரன் வீட்டில் ராசி எதற்கு என்று மாமியார் கேட்டால், நம் வீட்டு ஜாதகத்தைக் காட்டிச் சமாதானம் சொல்லுங்கள். அமெரிக்கப் புரட்சிப் போர் வீரர்களின் விதவைகள் ஓய்வூதியம் கேட்டபோது திருமணத்தை மெய்ப்பிக்க இந்தச் சான்றிதழ்களையும் பைபிளின் குடும்பப் பக்கங்களையும் கிழித்து அனுப்பியதால், சில தாள்கள் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்புகளில் இருக்கின்றன.

பழைய பத்திரம் எழுதியது:

மரபணுச் சோதனை பற்றி இங்கே யாராவது கட்டாயம் கேட்பார்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன். எட்டுத் தலைமுறைக்கு மேலே மாமியாருக்கு 256 முன்னோர்கள். அவர்களில் ஒருவரிடமிருந்து வரும் சாதாரண மரபணுப் பங்கு மிகச் சிறியது, சில வேளைகளில் எதுவுமே வந்திருக்காது. பயன்படக்கூடியது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் சோதனைதான். மாமியாருக்கு மில்லர் என்ற பெயரோடு அண்ணனோ தம்பியோ இருந்தால் அவர்தான் அதைச் செய்ய வேண்டும். ஆனால் மில்லர் தொழிற்பெயர். ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு மில்லர் இருந்தார் என்பதால், யாரோடு பொருந்துகிறார் என்பதைவிட யாரோடு பொருந்தவில்லை என்பதே இதில் பெரும்பாலும் உதவும்.

பெர்க்ஸ் மருமகள் எழுதியது:

இதுவரை ஆனதைச் சொல்லிவிடுகிறேன். கப்பல் பட்டியல்களில் 1748க்கு முன் அதே பெயரோடு எனக்குக் கிடைத்தவர்கள் ஒன்பது பேர். ஐந்து பேர் குறி போட்டவர்கள். ஒருவர் இந்த உயில் புரோபேட் ஆன பிறகும் வேறு கவுன்டியில் வரி கட்டியிருக்கிறார். மீதி மூவரின் கையொப்பங்களை உயிலின் கையொப்பத்தோடு அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து, நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே நடுவில் இருந்ததன் மேல் விரலை வைத்தார். குடும்பப் பெயரின் முதல் எழுத்து கீழே கோட்டுக்கு அடியில் ஒரு கொக்கியோடு தொடங்குகிறது. உயிலிலும் அந்தக் கொக்கி நடுக்கத்தோடு அப்படியே இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் கையெழுத்திட்டவரின் பெயர், உயிலுக்குச் சாட்சி போட்ட இருவரில் ஒருவருடைய பெயர்.

இதை மட்டும் வைத்து மரத்தில் ஏற்ற மாட்டேன். நியூ ஹானோவர் ஞானஸ்நானப் பதிவுகளில் அந்தச் சாட்சியின் பெயர் எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் ஹாரிஸ்பர்க்கில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போய் நிலத்தை அளந்து கொடுக்கச் சொன்ன வாரண்ட் என்ற உத்தரவையும் அளவை வரைபடத்தையும் எடுக்க வேண்டும். மூன்று சகோதரர் கதையை மாத்திரம் மாமியார் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கப்பலில் அடுத்த வரியில் இருப்பவர் சகோதரராக இருக்கக் கூடாதா என்கிறார். குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே என்றேன். மச்சினனாக இருக்கலாமே என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை என்பதால், ஞானப்பெற்றோர் பட்டியலில் அதையும் சேர்த்தே தேடுகிறேன்.